தன்ராஜ் பிள்ளையின் கோல் கணக்கு

தன்ராஜ் பிள்ளை இந்தியாவுக்காக மொத்தம் எத்தனை கோல் போட்டார்? ஹாக்கியை விடாமல் பார்க்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவார்கள். 1989 முதல் 2004 வரை 339 சர்வதேசப் போட்டிகள் ஆடியவர். ஆனால் அவருடைய கோல்களுக்கு அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. 170-ஐ ஒட்டி இருக்கும் என்பது அவரே சொன்ன உத்தேசம். அன்றைய இந்திய ஹாக்கி சம்மேளனம் அதை எழுதி வைக்கவே இல்லை.

தன்ராஜ் அறிமுகமான அதே 1989-ல்தான் சச்சினும் முதல் டெஸ்ட் ஆடினார். அவருடைய ஒரு ரன்கூட விடுபடாமல் பதிவில் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். அந்த அக்கறையில் கால்பங்காவது நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசியப் போட்டி ஆடிய ஒரு மனிதருக்குக் கிடைத்திருக்கக் கூடாதா? இப்படி ஒரு பட்டியல் எத்தனை பேருக்கு இருக்கிறது?

புனே பக்கத்தில் கட்கி. அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அப்பா மைதானப் பராமரிப்பாளர். உடைந்த மட்டைகளையும் தூக்கிப் போட்ட பந்துகளையும் வைத்துச் சகோதரர்களோடு சேற்றுத் தரையில் ஆடிப் பழகியவர். அண்ணன் ரமேஷும் இந்தியாவுக்கு ஆடினார். ஆதர்சம், பந்தை மட்டையோடு ஒட்டவைத்து எதிராளிகளைக் கடந்துபோகும் டிரிப்ளிங்குக்குப் பெயர்போன இந்திய முன்கள வீரர் முகமது ஷாகித். அந்த டிரிப்ளிங் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோலை மட்டும் எண்ணினாலும் பாதிக் கணக்குத்தான் வரும். நீளமுடி பறக்க, குனிந்தபடி பந்தை மட்டையோடு ஒட்டிக்கொண்டு கோல் முன்னால் இருக்கும் அரைவட்டமான 'டி' வட்டத்துக்குள் பாய்வார். இரண்டு மூன்று தடுப்பாளர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஷாட் அடிக்க வழியில்லை என்றால், மணிக்கட்டை லேசாகத் திருப்பி எதிராளியின் காலில் பந்தைப் பட வைப்பார். அந்தத் தவறுக்குக் கோல் அடிக்கக் கிடைக்கும் தனி வாய்ப்புதான் பெனால்டி கார்னர்! அடுத்து வேறொருவர் அடிப்பார், கோல் அவர் பெயரில் ஏறும். அதை வாங்கிக் கொடுத்தவர் பெயர் எங்கேயும் ஏறாது. இப்படி எத்தனை கார்னர்கள், எத்தனை பாஸ்கள்! 1994 சிட்னி உலகக் கோப்பைக்குப் பிறகு தேர்வான உலக லெவனில், அதாவது உலகின் சிறந்த பதினோரு பேர் பட்டியலில், இடம்பிடித்த ஒரே இந்தியர் அவர்தான். வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரிந்த மதிப்பு நம் சம்மேளனத்துக்குப் புரியவில்லை.

1998 பாங்காக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இறுதிப் போட்டியில் சமனில் முடிந்த ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் டைபிரேக்கரில் தென்கொரியாவை வென்று 32 வருடம் கழித்து ஆசியப் போட்டித் தங்கம் வாங்கி வருகிறார்கள். கேப்டன் தன்ராஜ். கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் அன்றைக்குக் காட்டிய திறமை தனிக்கதை. நாடு கொண்டாடி முடிப்பதற்குள், அடுத்து வந்த பாகிஸ்தான் தொடருக்கு தன்ராஜ், பல்லால் உட்பட பல பேர் அணியில் இல்லை. 'ஓய்வு கொடுத்திருக்கிறோம்' என்றார்கள். ஆட்ட ஊதியமும் ஊக்கத்தொகையும் ஒழுங்காக வேண்டும் என்று வீரர்கள் வாய்திறந்து கேட்டதுதான் உண்மையான காரணம் என்று அப்போதே எல்லோரும் பேசினார்கள். பயிற்சியாளர் கௌசிக்கும் போனார். தங்கம் வாங்கிய அணிக்கு இப்படி ஒரு பரிசு!

அவர் கோபக்காரர், வாய் அதிகம் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டுமே. சக ஆட்டக்காரர்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்கக் கோபம் வேண்டியிருந்தது. அவர் கேட்டார், அதற்கான விலையையும் கொடுத்தார்.

அப்புறம் 2000 சிட்னி ஒலிம்பிக். போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலை, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. போலந்து கோல் அடித்தது, 1-1, எல்லாம் போச்சு. கடைசியில் ஏழாவது இடம். அன்று தன்ராஜ் உடைந்து அழுததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 'கடைசிவரை ஒலிம்பிக் பதக்கம் வாங்காதவர்' என்று ஒற்றை வரியில் அவர் வாழ்க்கையை முடித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. பதக்கம் அணிக்கு வருவது. பின்களம் கடைசி நிமிடங்களில் தடுமாறிய காலத்தில், முன்களத்தில் நின்ற ஒருவர் இன்னும் என்ன செய்திருக்க முடியும்?

அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 2002 கொலோன் சாம்பியன்ஸ் டிராஃபியில் தொடரின் சிறந்த ஆட்டக்காரர், அப்போது வயது 34. அடுத்த வருடம் கோலாலம்பூரில் அவர் தலைமையில் பாகிஸ்தானை 4-2 என்று வென்று, இந்தியா முதல்முறையாக ஆசியக் கோப்பையைத் தூக்கியது. 2004 ஏதென்ஸில் பெரும்பாலும் வெளியே உட்கார வைக்கப்பட்டார். அதோடு சரி.

பழைய சம்மேளனம் போய் 2009-ல் ஹாக்கி இந்தியா வந்துவிட்டது. இன்றைய வீரர்களின் ஒவ்வொரு கோலும் உடனுக்குடன் இணையத்தில் ஏறுகிறது, நல்ல விஷயம். பின்னோக்கியும் அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் நூலகங்களில் இருக்கின்றன. தூர்தர்ஷனின் பழைய பதிவுகளில் எவை மிஞ்சியிருக்கின்றன என்று தேடலாம். அவரோடு ஆடியவர்கள் பலர் இன்றும் நல்ல நினைவோடு இருக்கிறார்கள். நான்கைந்து பேரை உட்கார வைத்து, 1989 டெல்லி ஆசியக் கோப்பையிலிருந்து ஆட்டம் ஆட்டமாகத் தொகுக்கச் சொல்லுங்கள். தன்ராஜுக்கு மட்டுமல்ல, அவரோடு ஆடிய அத்தனை பேருக்கும் அதில் கணக்கு வந்துவிடும்.