செங்குன்றத்துக் கல்லுக்கும் ஒரு வரி வேண்டும்

இந்தியாவின் முதல் ரயில் எங்கே ஓடியது என்று கேட்டால், பள்ளிப் பிள்ளை தூக்கத்தில்கூட "பம்பாய் - தாணே, 1853" என்று சொல்லிவிடும். பயணிகள் ரயிலைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே, 1837-இல், நம் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குத் தண்டவாளம் போட்டுக் கல் கொண்டுவந்தார்கள். வடசென்னையில் பிறந்து வளர்ந்த எனக்கு இதைப் பள்ளியில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

சென்னைக்குச் சாலை போடக் கல் வேண்டியிருந்தது. செங்குன்றத்தில் செம்புராங்கல் கிடைத்தது. அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உடலெல்லாம் பொத்தல், இரும்புத் துருவின் சிவப்பு, தொட்டால் உள்ளங்கையில் செம்பொடி ஒட்டும். மண்ணுக்குள் இருக்கும்வரை கடப்பாறைக்கு எளிதில் இளகிக் கொடுக்கும். வெட்டி வெளியே போட்டுக் காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். சாலைக்கு வேறென்ன வேண்டும்? சுமைதான் சிக்கல். அதற்காகவே இந்தப் பாதை.

பாதையை அமைத்த பொறியாளர் ஆர்தர் காட்டன். பின்னாளில் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டியவர் இவரே. வில்லியம் ஏவரி தயாரித்த சுழல் நீராவி எஞ்சின் ஒன்றும் இங்கே வந்தது. ஆனாலும் பெரும்பாலும் மாடுகளும் குதிரைகளுமே வண்டிகளை இழுத்தன. பாதை நீண்ட காலம் நிலைக்கவில்லை.

1856-இல் திறந்த ராயபுரம் நிலையத்தை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். கட்டடம் கண்ணெதிரே நிற்கிறது, ஆளுநர் வந்து திறந்துவைத்தார் என்ற பெருமையும் இருக்கிறது. கல் வெட்டியவர்களுக்கும், மாடு ஓட்டியவர்களுக்கும், தண்டவாளக் கட்டை சுமந்தவர்களுக்கும் அப்படி ஒரு கட்டடம் கிடையாது. மனிதர் ஏறி உட்கார்ந்தால்தான் ரயில், கல் ஏறினால் ரயில் இல்லையா? இந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. வடசென்னையைச் சரக்கும் சுமையும் உள்ள ஊர் என்று ஒதுக்குகிறவர்கள், நாட்டின் ரயில் வரலாறே அந்தச் சுமையில்தான் தொடங்கியது என்பதை அறிந்துகொள்ளட்டும்.

நான் கேட்பது பெரிதல்ல. சமூக அறிவியல் பாடத்தில் 1853-க்கு முன்னால் ஒரு வரி. செங்குன்றத்திலும் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகிலும் ஆளுக்கொரு பலகை, தமிழில். செங்குன்றம், புழல் பக்கத்து நண்பர்களே, பழைய கல்குழிகள் எங்கே இருந்தன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள். மனுவோடு அதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.