முதல் இசைத்தட்டில் முகம் இல்லை
அமெரிக்காவின் கிராமிய மணம் கொண்ட 'கன்ட்ரி' இசைப் பாடகர் சார்லி பிரைடு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் அவர் மொன்டானா மாநிலத்தில் இருந்த காலத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! உலோகம் உருக்கும் ஆலையில் வேலை, ஆலை அணிக்கு பேஸ்பால் ஆட்டம். ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் பாடினால் கூடுதலாக 10 டாலர். மிசிசிப்பி பருத்திக்காட்டில் வளர்ந்தவருக்கு அது நல்ல காசுதான்.

1966-ல் ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனம் அவருடைய முதல் இசைத்தட்டுகளை வானொலி நிலையங்களுக்குப் படம் இல்லாமலே அனுப்பியது. கறுப்பர் என்று தெரிந்தால் ஒலிபரப்ப மாட்டார்களாம்! டெட்ராய்ட்டில் அவர் மேடையேறியதும் கைத்தட்டல் சட்டென்று அடங்கிப்போனது. மனுஷன் அசரவில்லை. தன் நிறத்தைத் தானே கிண்டலடித்து கூட்டத்தைச் சிரிக்கவைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தார். 1971-லேயே கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர்! அந்தச் சில நொடி மௌனத்தை விட்டுவிட்டு விருதுப் பட்டியலை மட்டும் போட்டது எனக்கு ஒப்பவில்லை.