மூன்று பை போட்டும் சாயம் இறங்கவில்லை

இன்று காலை ஒரே கோப்பையில் மூன்று தேயிலைப் பைகள் போட்டேன். மூன்று! கல்யாண வீட்டில்கூட எவரும் இப்படி வாரி இறைத்திருக்க மாட்டார்கள். அப்படியும் இறங்கிய சாயம், பெயின்ட் தூரிகை கழுவிய தண்ணீர் மாதிரிதான் இருந்தது. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். பெட்டியில் தங்க எழுத்தில் பாரம்பரியம் என்று போட்டிருக்கும் நிறுவனம். போதுமா?

என் மேல் தப்பில்லை என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். கெட்டில் கொதித்து அணைந்த கையோடு ஊற்றினேன். ஆறின தண்ணீர் என்று எவரும் சொல்லமுடியாது. கைபேசியில் ஐந்து நிமிடம் குறித்தேன். முதல் நிமிடத்தில் மூன்று பைகளும், கோடை விடுமுறைக்கு வந்தவர்களைப் போல மல்லாந்து மிதந்தன. இரண்டாவது நிமிடத்தில் லேசாக ஒரு மஞ்சள். மூன்றாவது நிமிடத்தில் அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

அம்மா இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். கொழுந்துக் கூடை சுமந்தவர். கோப்பையைச் சாய்த்துப் பார்த்தே தூளின் தரத்தைச் சொல்லிவிடுவார். அவர் முன்னால் எனக்கு இந்த அவமானம். “மகன், இது தேத்தண்ணீரா, வெந்நீரா?” என்று கேட்டார். “கொஞ்சம் பொறுங்கள் அம்மா, இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது” என்றேன். நான்காவது நிமிடம் முழுக்க இரண்டு பேரும் பேசாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பது போல.

ஐந்தாவது நிமிடம் மணி அடித்தது. பொறுமை போய்விட்டது. கரண்டியால் ஓர் அழுத்து அழுத்தினேன். பை பிரிந்துகொண்டது. உள்ளே இருந்தது அத்தனையும் கோப்பையில் மிதக்கிறது! அம்மா அதில் ஒரு சிட்டிகையை விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். “டஸ்ட் என்றால்கூடச் சாயம் பிடித்திருக்குமே. இது கழிவுத் தேயிலை” என்றார். பால் போத்தலைத் திறக்காமலே திரும்பக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டார். இந்தத் தண்ணீரில் பாலை ஊற்றி அதையும் ஏன் கெடுப்பது என்று நினைத்திருப்பார்.

பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ‘புதிய, செழுமையான சுவை’ என்று முன்பக்கம். எண்பது பை இருந்த பெட்டியில் இப்போது எழுபத்தைந்து என்று அடிப்பக்கம், எறும்புகூடக் கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டிய எழுத்தில். விலை மட்டும் ஏறியிருக்கிறது. சென்ற மாதமே இவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். உங்கள் பகுதித் தண்ணீர் கடின நீர், வடிகட்டிப் பயன்படுத்துங்கள் என்று பதில் வந்தது. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். கெட்டிலின் அடியில் படிகிறது, தேத்தண்ணீரின் மேல் ஆடை கட்டுகிறது. ஆனால் ஐயா, பத்தொன்பது வருடமாக அதே வீடு, அதே குழாய், அதே சுண்ணாம்பு. மாறியது உங்கள் பெட்டிதானே? கூடவே ஐம்பது பென்ஸ் தள்ளுபடிச் சீட்டும் வைத்திருந்தார்கள். எதற்கு? அதே தேயிலையில் இன்னொரு பெட்டி வாங்குவதற்கு.

இந்த நாட்டில் தேயிலைப் பெயர்களுக்கே ஏதோ சனி பிடித்திருக்கிறது. டைப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். (என் பெட்டி அதுவல்ல. இது செய்தித்தாளில் எல்லோரும் படித்த கதை.) 1903-இல் பர்மிங்காம் மளிகைக்காரர் ஜான் சம்னர் தொடங்கியது. பொடி இலைத் தேயிலையைக் குடித்தபின் அவருடைய சகோதரியின் அஜீரணம் தணிந்ததாம். அதனால் சீன மொழியில் வைத்தியரைக் குறிக்கும் சொல்லை ஒட்டி இந்தப் பெயர். தொடக்கத்தில் விற்றது இலங்கைத் தேயிலையைத்தான். ‘டைப்பூவில் மட்டும்தான் ஊ கிடைக்கும்’ என்று ஒரு காலத்தில் தொலைக்காட்சி முழுக்க இவர்கள் விளம்பரம். 2005-இல் கொல்கத்தாவின் அபீஜே சுரேந்திரா குழுமம் 8 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2021-இல் பெரும்பங்கு ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2023-இல், லிவர்பூலுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் மோர்ட்டன் தொழிற்சாலையை மூடினார்கள். மூடிய கட்டடத்துக்குள் யாரோ புகுந்து நாட்கணக்கில் தங்கி, எல்லாவற்றையும் நாசம் செய்துவிட்டுப் போனார்கள். 2024 நவம்பரில் நிறுவனம் நொடித்தது. அடுத்த மாதமே 1.02 கோடி பவுண்டுக்குக் கைமாறியது. வாங்கியது யார் தெரியுமா? மின்சிகரெட் விற்கும் நிறுவனம். அந்த ‘ஊ’ கடைசியில் ஊதுகிறவர்களிடமே போய்ச் சேர்ந்தது!

அவர்களாவது ஒழுங்காக நடத்தினால் சரி. பிள்ளைகளெல்லாம் காப்பிக்கடைப் பக்கம் போய்விட்டார்கள், பேரங்காடிகள் சொந்தப் பெட்டியைப் பாதி விலைக்கு விற்கின்றன, நாங்கள் என்ன செய்வது என்று நிறுவனங்கள் கேட்பது காதில் விழுகிறது. நல்ல தேயிலை போடலாமே? அந்த யோசனை மட்டும் எந்தக் கூட்டத்திலும் வருவதில்லை போலிருக்கிறது. 2000-இல் டெட்லி என்ற இன்னொரு தேயிலை நிறுவனத்தை இந்தியாவின் டாடா வாங்கியபோது ஒருவர்கூட நாடு முழுகிவிட்டதாக நினைக்கவில்லை. முதலாளி யாராக இருந்தால் எனக்கென்ன? கோப்பையில் சாயம் இறங்க வேண்டும், அவ்வளவுதான் என் வழக்கு.

வழக்கு என்றதும்தான் நினைவு வருகிறது, உணவுக்கழிவுத் தொட்டி. அந்தச் சிறிய தொட்டியின் பூட்டுப்பிடி உடைந்து ஆறு வாரமாகிறது. மாற்றித் தாருங்கள் என்று நகரசபைக்கு மூன்று முறை எழுதியாயிற்று, மூன்று முறையும் ‘உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம்’ என்று பதில். முக்கியமாம்! நரிகளுக்குத்தான் அது முக்கியம். நேற்று இரவும் வந்து தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கின்றன. கோழி எலும்பு, மீன் முள், சோற்றுப் பருக்கை, அம்மா போட்ட பலாக்கொட்டைத் தோல்வரை ஒன்றுவிடாமல் தின்றாயிற்று. நடைபாதையில் மிச்சம் கிடந்தவை தேயிலைப் பைகள் மட்டும்தான். எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு. ஒன்றைக்கூட வாய் வைத்துக் கடித்துப் பார்க்கவில்லை.

குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா வாசலில் நின்று சிரித்தார். பிறகு நானும் சிரித்துவிட்டேன். இடுப்புதான் இன்னும் வலிக்கிறது.