எல்லாத் துறைக்கும் ஒரே மெட்டாடேட்டா படிவம் வேண்டாம்

ஆய்வுத் தரவுக்குப் பொதுவான மெட்டாடேட்டா (தரவைப் பற்றிய விவரக் குறிப்பு) தரநிலை வேண்டும் என்று குழு போட்டால், முதல் வேலையாகப் புலங்களின், அதாவது படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்களின், பெயரைப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். துறைக்குத் துறை ஆள் வரவர பட்டியல் நீளும். கடைசியில் நிரப்புகிற ஆய்வாளர் பாதிப் புலங்களில் ‘பொருந்தாது’ என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்.

பொதுவாக இருக்க வேண்டியது சின்னப் பகுதிதான். ஆய்வுத் தரவுகளுக்கு நிலையான அடையாளக் குறி வழங்கும் டேட்டாசைட் அமைப்பு கட்டாயமாகக் கேட்பது ஆறே விஷயம்: அடையாளக் குறி, உருவாக்கியவர், தலைப்பு, வெளியிட்டவர், ஆண்டு, வகை. மற்றதைத் துறைகளிடமே விடுங்கள். அவரவர் தரநிலை ஏற்கெனவே உண்டு: பல்லுயிர்ப் பதிவுகளுக்கு டார்வின் கோர் இருக்கிறது, காலநிலைக்கு சிஎஃப், சமூக அறிவியலுக்கு டிடிஐ.

நாம் உட்கார்ந்து சண்டை போட வேண்டியது புலத்துக்குள் எழுதுகிற மதிப்பைப் பற்றி. ‘கடல் வெப்பநிலை 28.4’ என்று ஒரு கோப்பு சொல்கிறது. செல்சியஸ் என்றே வைத்துக்கொள்வோம். எந்த ஆழத்தில்? அகச்சிவப்புச் செயற்கைக்கோள் கருவி பார்ப்பது நீரின் மேல்தோலை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான படலம். மிதவையில் இருக்கும் உணரி அதற்குக் கீழே அளக்கிறது. வெயில் ஏறி, காற்றும் ஓய்ந்த நேரத்தில் இரண்டும் ஒத்துப்போகாது. அதனால்தான் சிஎஃப் தரநிலையின் பெயர்ப் பட்டியலில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள். மீன்வளத் தரவோடு இணைக்கும்போது இரண்டையும் ‘வெப்பநிலை’ என்ற ஒரே நெடுவரிசையில் கொட்டினால், அந்த வித்தியாசத்தை யாராலும் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது.

03/04/2021 என்பது மார்ச்சா ஏப்ரலா? ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 முறையில் 2021-04-03 என்று எழுதினால் கேள்வியே இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் எந்த டேட்டம் (பூமியின் வடிவத்துக்கு எடுத்துக்கொண்ட அடிப்படை அளவுச் சட்டகம்) என்பதும் வேண்டும். அதை விட்டால் புள்ளி சில நூறு மீட்டர்கூடத் தள்ளிப்போகலாம். விடுபட்ட மதிப்புக்கு -9999 போட்டுவிட்டு அதை மெட்டாடேட்டாவில் சொல்லாமல் விடுவதும் வழக்கமாக நடக்கிறது. அடுத்தவர் சராசரி எடுக்கும்போது அதுவும் சேர்ந்துவிடும்.

ஒரு துறையின் புலம் இன்னொன்றின் எந்தப் புலத்தோடு பொருந்தும் என்று காட்டும் பொருத்த அட்டவணை போடும்போது ‘இது அதற்குச் சமம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். முழுதும் சமமா, ஏறத்தாழ சமமா, அதைவிடக் குறுகியதா, விரிந்ததா என்று வரிக்கு வரி குறிக்க வேண்டும். சொற்பட்டியல்களை இணைப்பதற்கான ஸ்காஸ் (SKOS) முறையில் இதற்கான உறவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. குறுகிய புலத்தை விரிந்ததில் ஏற்றலாம்; திரும்ப இறக்கினால் தகவல் போய்விடும்.

அட்டவணைக்குப் பதிப்பு எண்ணும் வேண்டும். சிஎஃப் பெயர்ப் பட்டியலே அவ்வப்போது மாறுகிறது. திட்ட நிதி முடிந்த பிறகும் அந்த மாற்றங்களைப் பார்த்து அட்டவணையைத் திருத்த, சம்பளத்தோடு ஒருவரை வைக்கும் செலவை முதல் நாள் வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதுங்கள்.