கல்யாண வீட்டில் சொல்ல ஒரு பெயர்

‘முதிர்கன்னி’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாற்பத்தைந்து வயதில் தனியாக இருக்கும் ஆணை ‘முதிர்பிரம்மச்சாரி’ என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் அந்தச் சொல் என் காதுபடவே விழுந்தது. பதில் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கும், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய அமெரிக்கர் கேட் கார்டனின் கதையை மறுபடி எடுத்தேன்.

1861இல் பிறந்தவர். அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நியூ ஆர்லியன்ஸ்காரர். திருமணம் செய்துகொள்ளவில்லை, தங்கை ஜீனும் அப்படியே. ஊர் அவர்களைப் பார்த்து உச்சுக் கொட்டியிருக்கும். ஆனால் அந்த ஊர் இருக்கும் லூசியானா மாநிலத்தின் அன்றைய சட்டத்தைப் படித்தால் யாருக்காக உச்சுக் கொட்டுவது என்று குழப்பம் வந்துவிடும். அங்கே குடும்பச் சொத்துக்குத் தலைவனும் எஜமானனும் கணவன்தான். மனைவி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமானாலும் அவன் சம்மதம் வேண்டும். மேஜரான, மணமாகாத பெண்ணுக்கு அந்தத் தொல்லை கிடையாது. தன் சொத்தை அவளே வாங்கலாம், விற்கலாம். விரலில் மோதிரம் ஏறியதும் முழு ஆள் அரை ஆளாகிவிடும் ஏற்பாடு அது.

அப்போது அந்த ஊரில் மழைநீரை மரத்தொட்டிகளில் பிடித்துத்தான் குடித்தார்கள். கழிவுநீர் திறந்த சாக்கடைகளில் ஓடியது. தொட்டியில் கொசு, கொசுவால் மஞ்சள் காய்ச்சல்; 1897இல் ஊரையே உலுக்கியது. மறு ஆண்டு மாநிலம் எழுதிய புதிய அரசியலமைப்பு, வரி கட்டும் பெண்களுக்கு வரி பற்றிய வாக்கெடுப்புகளில் மட்டும் ஓட்டுரிமை தந்தது. 1899இல் குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் வரி போடலாமா என்ற கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தது. கேட் களத்தில் இறங்கினார்.

வாக்குச்சாவடிக்கு வரக் கூசிய பெண்கள் தங்கள் ஓட்டை இன்னொருவர் போடும்படி எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்தை ஆண்தான் போட வேண்டும்! ஓட்டுப் போடத் தகுதியுள்ளவளுக்குச் சாட்சி சொல்லத் தகுதியில்லை. கேட் சளைக்கவில்லை. சாட்சிக்கு ஆண்களைத் தேடிப் பிடித்து, தாள்களைச் சேர்த்து, அந்த ஓட்டுகளைத் தாமே கொண்டுபோய்ப் போட்டார். வரி நிறைவேறியது. இன்னும் கொஞ்ச காலத்தில் தங்கை ஜீன் தொழிற்சாலை ஆய்வாளராகி, குழந்தைத் தொழிலாளர்களைத் தேடிப் போனார். இந்த இடத்தில் எனக்குக் கைதட்டத்தான் தோன்றியது.

பிறகு அதே 1898 அரசியலமைப்பின் மற்ற பக்கங்களைப் பார்த்தேன். வரி கட்டும் பெண்ணுக்கு ஒரு கதவைத் திறந்த அதே ஆவணம்தான் கறுப்பின ஆண்களின் ஓட்டுரிமையைப் பறித்திருக்கிறது. எழுத்தறிவு அல்லது சொத்து வேண்டும் என்றது. ஆனால் 1867க்கு முன் உன் தந்தையோ தாத்தாவோ வாக்காளராக இருந்திருந்தால் அந்த நிபந்தனை உனக்கில்லை என்றது. அடிமையாக இருந்தவனின் பேரன் எந்தத் தாத்தாவைக் காட்டுவான்? 1896இல் 1,30,000க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1900இல் ஐயாயிரத்துச் சொச்சமாகிவிட்டார்கள்.

கேட் இதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அல்லர், விரும்பியவர். 1903இல் பெண் ஓட்டுரிமை மாநாடு அவர் ஊரில் நடந்தபோது கறுப்பினப் பெண்களுக்கு அங்கே இடமில்லை. ஆசிரியை சில்வானி வில்லியம்ஸும் அவர் தோழியரும் பெண் ஓட்டுரிமை இயக்கத்தின் மூத்த தலைவி சூசன் பி. அந்தோணியைத் தங்கள் மன்றத்துக்கு வரவழைத்துத்தான் சந்திக்க முடிந்தது. பெண்களின் ஓட்டுரிமையை மாநிலங்களே தர வேண்டும், மத்திய அரசு தரக் கூடாது என்று கேட் பிடிவாதம் பிடித்ததும் இதனால்தான்: யாரை உள்ளே விடுவது என்ற முடிவு வெள்ளையர் கையிலேயே இருக்க வேண்டும். 1920இல் நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டுத் தரும் திருத்தம் வந்தபோது, அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். வாழ்நாள் முழுக்க ஓட்டுக் கேட்ட பெண்!

ஆண்துணை இல்லாமல் ஒரு பெண் என்ன சாதித்துவிட முடியும் என்று கேட்பவர்களிடம் சொல்வதற்காகவே இவர் பெயரை எடுத்து வைத்திருந்தேன். அடுத்த மாதம் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. அதற்குள் வேறு பெயர் தேட வேண்டும்.