குள்ளமான பாஸ் ரஷரைப் பார்த்து "என்னா வேகம்!" என்று மட்டும் சொல்பவர்களுக்கு

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். பார்க்கிற நம்ம ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு வருகிறார்கள், சந்தோஷம். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். உருவத்தில் சின்ன ஒரு ரஷர் (பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை விரட்டிப் பிடிக்கிறவர்), மலை மாதிரி நிற்கிற டாக்கிளை (அந்தக் குவார்ட்டர்பேக்கைக் காக்க ஓரத்தில் நிற்பவர்) தாண்டிப் போய் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துவிட்டால் உடனே "வேகம் பாத்தியா". வேகம் வேண்டும்தான், யார் இல்லை என்றது? ஆனால் வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர் இரண்டு மூன்று வருஷத்தில் காணாமல் போயிருக்கிறார்கள்.

எல்விஸ் டூமர்விலை எடுத்துக்கொள்ளுங்கள். 5 அடி 11 அங்குலம். நம்மூரில் அவரைக் குள்ளம் என்று சொன்னால் சிரிப்பார்கள், அங்கே அதை வைத்தே 2006 டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்களை எடுக்கிற தேர்வு) நாலாவது சுற்று வரைக்கும் உட்கார வைத்தார்கள். லூயிவில் பல்கலைக்கழகத்துக்காக அதற்கு முந்தைய சீசனில் 20 சாக் எடுத்த ஆள் அவர் (குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைக் கீழே தள்ளினால் அது ஒரு சாக், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்). 2009இல் டென்வருக்காக 17 சாக், மொத்த லீகிலும் அந்த வருஷம் முதலிடம். எதிரே நின்ற டாக்கிள்கள் ஆறரை அடி உயரம், 140 கிலோவுக்கு மேல் எடை. இதை வெறும் ஓட்டத்தால் செய்ய முடியாது.

டாக்கிள் என்ன செய்கிறார் என்று பார்த்தால்தான் இது புரியும். பந்து ஸ்னாப் ஆனதும் (அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கியதும்) அவர் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே போகிறார், ரஷர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் இரண்டு உள்ளங்கையாலும் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து வைத்துப் பிடித்து நிறுத்த வேண்டும். நெஞ்சு சிக்கிவிட்டால் ரஷர் கதை முடிந்தது. உயரமான ரஷர் நெஞ்சை மறைக்க முட்டியையும் இடுப்பையும் படாதபாடு படுத்தி வளைக்க வேண்டும், குள்ளமானவருக்கு அது பாதி பிறவியிலேயே வந்துவிடுகிறது. வளைவில் திரும்பும்போது உள்பக்கத் தோளை டாக்கிளின் இடுப்புக்குக் கீழே இறக்கி, அந்தப் பக்கத்துக் கை தரையைத் தொடுகிற மாதிரி சாய்ந்து ஓடுவார்கள். டாக்கிளின் கைக்கு முதுகும் பிடரியும்தான் கிடைக்கும். குனிந்து எட்டினால் சமநிலை போகும், கழுத்தோடு சேர்த்து வளைத்தால் ஹோல்டிங் என்கிற தவறு, பத்து யார்டு அபராதம். இப்படிச் சாய்ந்துகொண்டே விழாமல் ஓட கணுக்கால் வளைய வேண்டும். என் கணக்கில் வேகத்தை அளக்க ஓடவைக்கிற நாற்பது யார்டு ஓட்ட நேரத்தைவிட இந்தக் கணுக்கால்தான் முக்கியம், ஆனால் அதை ஸ்டாப்வாட்சில் அளக்க முடியாதே.

சரி, இது பாதிதான். இதை மட்டுமே செய்தால் டாக்கிள் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக, இன்னும் அகலமாகப் பின்வாங்கிவிடுவார், ரஷர் குவார்ட்டர்பேக்கையும் தாண்டிப் பின்னால் எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பார். அங்கேதான் மற்ற பாதி. டுவைட் ஃப்ரீனியின் பழைய வீடியோக்களைப் போட்டுப் பாருங்கள், ஆனால் ஃப்ரீனியைப் பார்க்காதீர்கள், டாக்கிளின் வெளிக்காலைப் பாருங்கள். ஃப்ரீனி முதல் மூன்று நாலு எட்டு உயிரைக் கொடுத்து வெளிப்பக்கம் ஓடுவார். டாக்கிள் ஓரத்தை விட்டுவிடுவோமோ என்று பயந்து மொத்த எடையையும் அந்த வெளிக்கால் மேல் ஏற்றுகிற அந்த ஒரு நொடியில், சட்டென்று ஊன்றி, முதுகை அவர் மேல் உரசியபடி உள்பக்கம் ஒரு சுழல். டாக்கிள் திரும்புவதற்குள் ஆள் உள்ளே. முன்வாசலையும் கொல்லைவாசலையும் ஒரே ஆள் காவல் காக்கிற மாதிரிதான் டாக்கிளின் நிலைமை. 2002இல் இண்டியானபொலிஸ் இவரைப் பதினோராவது ஆளாக எடுத்தபோது, 6 அடி 1 அங்குல ஆளுக்கு இவ்வளவு மேலேயா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 125.5 சாக் எடுத்து, 2024இல் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற சாதனையாளர் பட்டியலுக்குப் போனார்.

சுழல் எல்லாருக்கும் வராது. ஜேம்ஸ் ஹாரிசனுக்கு இருந்தது முரட்டு பலம். அவர் ஆறடி, டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை, பலமுறை அணியை விட்டு அனுப்பப்பட்டவர், 2008இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். அவர் ஓரத்துக்கு ஓடுகிற மாதிரி கிளம்பி, டாக்கிள் பின்னோக்கிச் சறுக்கும்போதே நேராக அவர் அக்குளுக்குக் கீழே கையைச் செருகி மேல்நோக்கித் தூக்கித் தள்ளுவார். 140 கிலோ ஆள்தான், ஆனால் ஏற்கெனவே பின்னால் போய்க்கொண்டிருக்கும் 140 கிலோ. குதிகாலில் எடை இருக்கிறவரைக் கீழேயிருந்து தள்ள உயரம் எதற்கு?

அப்புறம் கை. உயரம் குறைவாக இருந்தால் மன்னிக்கலாம், கை குட்டையாக இருந்தால் கஷ்டம், டாக்கிள் முதலில் தொட்டுவிடுவார். டூமர்விலுக்கு அவர் உயரத்துக்கு மீறிய நீளக் கைகள். அளவெடுக்கும்போது உயரத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இதற்கு உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. எதிரணி பந்தை எறியாமல் நேராக ரஷர் பக்கமே தூக்கிக்கொண்டு ஓடினால் இதே சின்ன உடம்பைத் தூக்கி ஓரம் வைத்துவிடுவார்கள். அதனால் எந்த அணியில் இருக்கிறார் என்பதும் பாதி விஷயம். ஃப்ரீனிக்கும் அதே அணியின் இன்னொரு ரஷர் ராபர்ட் மேத்திஸுக்கும் குவார்ட்டர்பேக்காகப் பேட்டன் மேனிங் இருந்தார். அவர் சீக்கிரமே புள்ளி ஏற்றிவிடுவார், பின்தங்கிய எதிரணி எறிந்தே ஆக வேண்டும். அவர்களுடைய கூரை போட்ட அரங்கில் கூட்டம் போடுகிற சத்தத்தில் எதிரணி டாக்கிளுக்கு ஸ்னாப் குரல் காதில் விழாது, பந்து அசைவதைப் பார்த்துக் கிளம்புவதற்குள் கால் நொடி போய்விடும், அது போதும் இவர்களுக்கு.

ஹாசன் ரெடிக் கதைதான் எனக்கு எரிச்சல். 2017 முதல் சுற்றில் எடுத்த அரிசோனா, ஓரத்தில் ஆட உடம்பு போதாது என்பது போல முதல் மூன்று சீசனும் பெரும்பாலும் நடுவில் லைன்பேக்கராக (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரர்) நிறுத்தி வைத்தது. 2020இல் ஓரத்துக்கு அனுப்பினார்கள், 12.5 சாக், அதில் ஐந்து ஒரே ஆட்டத்தில். 2022இல் ஃபிலடெல்ஃபியாவில் 16. மூன்று வருஷத்தை வீணடித்ததற்கு யாரைக் கேட்பது?

ஃப்ரீனியா மேத்திஸா என்று சண்டை போட வருபவர்கள் தாராளமாக வரலாம். நான் மேத்திஸ் கட்சி. ஐந்தாவது சுற்றில் வந்து 123 சாக், 2013இல் 19.5 எடுத்து லீகிலேயே முதலிடம், அதுவும் ஃப்ரீனி அணியை விட்டுப் போன பிறகு.