ஹெலேனா அழவில்லை என்று ஃபியா சபானைத் திட்டாதீர்கள்

நேற்றிலிருந்து, ஹவுஸ் ஆஃப் தி டிராகன் தொடரில் ராணி ஹெலேனாவின் மகன் கொல்லப்படும் காட்சியைப் புத்தகத்தோடு ஒப்பிடும் அந்த வீடியோவை எத்தனை பேர் பகிர்ந்துவிட்டீர்கள்! ஒரு பக்கம் புத்தக வரிகள், மறு பக்கம் ஹெலேனாவாக நடிக்கும் ஃபியா சபானின் முகம், கீழே சிரிப்புக் குறிகள். அவருக்கு நடிக்கவே தெரியவில்லையாம். அந்தக் காட்சியில் குறை இருக்கிறது, பெரிய குறை. ஆனால் அது நடிப்பில் இல்லை, எழுத்தில் இருக்கிறது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய 'ஃபயர் அண்ட் பிளட்' புத்தகத்தில் ஹெலேனாவுக்கு மூன்று பிள்ளைகள். ஆறு வயது இரட்டையர் ஜெஹேரிஸ், ஜெஹேரா. இரண்டு வயது மேலோர். மாலையில் குழந்தைகளைப் பாட்டி அலிசென்ட்டிடம் கூட்டி வருவது அவள் வழக்கம் என்று தெரிந்துகொண்டு கொலைகாரர்கள் அங்கேயே காத்திருக்கிறார்கள். இரண்டு மகன்களில் யார் சாக வேண்டும் என்று தாயையே சொல்ல வைக்கிறார்கள். என்னைக் கொல்லுங்கள் என்று கெஞ்சிப் பார்த்து, கடைசியில் மேலோரின் பெயரைச் சொல்கிறாள். உன் அம்மா நீ சாக வேண்டும் என்கிறாள் என்று அந்தப் பிள்ளையின் காதில் சொல்லிவிட்டு, வெட்டுவது ஜெஹேரிஸை. அதன் பிறகு மேலோரின் முகத்தைப் பார்க்க அவளால் முடிவதில்லை. அவள் மனம் உடைவதற்குக் காரணம் அந்த உயிரோடிருக்கும் பிள்ளைதான்.

ஹவுஸ் ஆஃப் தி டிராகன் இரண்டாம் சீசனின் முதல் எபிசோடில், 2024 ஜூன் 16 அன்று நாம் பார்த்தது என்ன? மேலோர் கிடையாது. ஹெலேனாவின் தம்பி ஏமண்டைத் தேடி வந்தவர்கள், தூங்கும் இரட்டையரில் ஆண் பிள்ளை எது என்று கேட்கிறார்கள். அவள் கைகாட்டுகிறாள். அது தேர்வு அல்ல, வெறும் தகவல். தேர்வே இல்லாத காட்சியில் தேர்ந்தெடுத்த குற்ற உணர்வை அந்த நடிகை எங்கிருந்து கொண்டுவருவார்?

"பெற்றவள் கதற வேண்டாமா?" என்பீர்கள். புத்தகத்தில் கதறுகிறாள்தான். ஆனால் தொடர் முதல் சீசனிலேயே வேறொரு ஹெலேனாவை வளர்த்துவிட்டது: பூச்சிகளோடு பேசுபவள், நடக்கப்போவதை முன்பே முணுமுணுப்பவள், யாராவது தொட்டாலே ஒடுங்கிப்போகிறவள். இதே எபிசோடில் எலிகளைக் கண்டு பயமாக இருக்கிறது என்று கணவனிடம் சொல்கிறாள். வந்தவர்களில் ஒருவன் எலி பிடிப்பவன். இப்படிப்பட்டவள் அதிர்ச்சியில் உறைந்துதான் போவாள். பின்னால் அறுக்கும் சத்தம் கேட்கக் கேட்க, மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் அந்த நடையைத் திரும்பப் பாருங்கள். அடுத்த எபிசோடின் இறுதி ஊர்வலத்தில் வண்டிச் சக்கரம் சிக்கி, கூட்டம் நெருங்கும்போது அந்த முகம் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். அதைத்தானே வெட்டி எறிந்துவிட்டு வீடியோ போட்டிருக்கிறார்கள்!

"இரண்டு வயதுக் குழந்தையை வைத்துப் படமெடுப்பது லேசா?" என்று தயாரிப்புக் குழுவுக்காகப் பேசுகிறவர்களும் உண்டு. லேசில்லை. தொடர் எடுக்கப்படும் இங்கிலாந்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஒரு நாளில் 2 மணி நேரம்தான் நடிக்கலாம், அதிலும் தொடர்ந்து 30 நிமிடத்துக்கு மேல் கூடாது. அதற்காகத்தான் ஒரே பாத்திரத்துக்கு இரட்டைக் குழந்தைகளைப் பிடிக்கிறார்கள். செலவு கூடும், ஒத்துக்கொள்கிறேன். டிராகன்களுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு குழந்தைக்கு இடமில்லை என்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இதை மார்ட்டினே சொன்னார். 2024 செப்டம்பரில் தன் வலைப்பதிவில், செலவையும் சின்னக் குழந்தையால் வரும் தாமதத்தையும் காட்டி தொடரின் தலைமை எழுத்தாளர் ரையன் கான்டல் மேலோரை விட்டுவிட்டதை வருத்தத்தோடு எழுதினார். சீக்கிரமே அந்தப் பதிவு காணாமல் போனது. அதற்கு முன்பு, தான் எழுதிய ஹெலேனாவைவிட ஃபியா சபானின் ஹெலேனா செழுமையானவள் என்று எழுதியவரும் அவரேதான். படைத்தவருக்கே நடிகைமேல் குறையில்லை, உங்களுக்கு என்ன?

மார்ட்டினின் கவலை அந்த ஒரு இரவைப் பற்றியது மட்டும் அல்ல. புத்தகத்தில் மேலோர் பின்னால் பிட்டர்பிரிட்ஜ் என்ற ஊரில் கூட்டத்தின் கையில் சிக்கிக் கொடூரமாகச் சாகிறான். அதைத் தொடர்ந்துதான் ஹெலேனா ஜன்னலிலிருந்து குதிக்கிறாள். மேலோரே பிறக்காத கதையில் அவள் எதற்காகக் குதிப்பாள்? காரணத்தை எழுத்தாளர்கள் எடுத்துவிட்டு, அந்தப் பாரத்தையும் ஃபியா சபானின் முகத்தின்மேல்தான் ஏற்றி வைப்பார்கள். அப்போதும் நீங்கள் அவருடைய முகத்தைத்தான் வெட்டி ஒட்டிப் போடுவீர்கள். தயவுசெய்து அந்த வீடியோவில் அவரை டேக் செய்வதையாவது நிறுத்துங்கள். கேட்க வேண்டிய கேள்வி இருந்தால் எழுதியவர்களிடம் கேளுங்கள்.